தூக்க மாத்திரையும் காலை மந்தமும்: எந்தத் தொந்தரவுக்கு எதைப் பார்ப்பது

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். தூக்க மாத்திரை வாங்கிப் போனவர்கள் அடுத்த முறை வரும்போது சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காலையில எழுந்திருக்கவே முடியல, மத்தியானம் வரைக்கும் தலை பாரமா இருக்கு, வாய் காயுது, ராத்திரி என்ன பேசினேன்னே ஞாபகம் இல்ல. இதில் நிறைய விஷயம் மாத்திரையை மாற்றாமலே, நேரத்தையும் கூடப் போடும் மற்ற மருந்துகளையும் பார்த்தாலே சரியாகிவிடும். சிலவற்றுக்குத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். உங்கள் தொந்தரவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் அதற்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எல்லோரும் முதலில் படிக்க வேண்டியது

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினாலும் சட்டென்று நிறுத்தாதீர்கள். அல்பிரசோலம், கிளோனசிபாம், லோராசிபாம், டயசிபாம், நைட்ரசிபாம் இவற்றில் ஏதாவது ஒன்றை வாரக்கணக்கில் தினமும் போட்டுவந்தவர் ஒரே நாளில் விட்டால் தூக்கம் கெடுவதோடு போகாது. படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். குறைப்பதென்றால் டாக்டர் சொல்லும் கணக்கில் மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

அடுத்து, கையில் இருப்பது என்ன மருந்து என்று தெரிய வேண்டும். கம்பெனி வைத்த பெயர் போதாது, அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரும் மி.கி. அளவும்தான் வேண்டும். பத்து மாத்திரை அட்டையில் நான்கை மட்டும் கத்தரித்துக் கொடுத்திருப்பார்கள், அந்தத் துண்டில் பெயர் பாதிதான் இருக்கும், சில சமயம் வெறும் வெள்ளித்தாள்தான் மிஞ்சும். அப்படி வாங்கும்போதே கவர் மேல் பெயரையும் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதித் தர வேண்டியது எங்கள் வேலைதான். 0.25 மி.கி.யும் 0.5 மி.கி.யும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அட்டை மாறிப்போய் இரட்டிப்பு அளவு போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

எதையும் படித்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டிய நேரங்களும் இருக்கின்றன: தட்டி எழுப்பியும் எழாதது, மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வருவது, உதடு நீலமாவது, வலிப்பு, முகமும் நாக்கும் வீங்குவது, தெரிந்தோ தெரியாமலோ நிறைய மாத்திரையைச் சேர்த்து விழுங்கிவிட்டது. அந்த நேரத்தில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அரை மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலி அட்டைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்த நிலையில் இருக்கிறார் என்று தெரிந்தால் மாத்திரைகளை இன்னொருவர் பூட்டி வைத்து, அன்றன்றைக்கு உண்டானதை மட்டும் எடுத்துக் கொடுங்கள். பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மனஸ் எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

## தொந்தரவு 1: காலையில் எழ முடியவில்லை, மதியம் வரை மந்தம்

பத்துப் பேர் வந்தால் ஏழெட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள் என்னும் அளவுக்குச் சாதாரணமான குறை. காரணங்களைச் சுலபமானதில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

### மாத்திரை போடும் மணி என்ன?

இரவு பன்னிரண்டரைக்கு மாத்திரை, காலை ஐந்தரைக்குப் பால் வாங்கி, டிபன் கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கணக்கில் எந்தத் தூக்க மாத்திரையும் காலையில் மந்தத்தைத்தான் தரும். சீக்கிரம் வெளியேறிவிடும் வகையான சோல்பிடெமுக்கே போட்டபின் ஏழிலிருந்து எட்டு மணி நேரம் படுக்கையில் இருக்க அவகாசம் வேண்டும் என்றுதான் விதி. எழ வேண்டிய மணியிலிருந்து எட்டு மணி நேரம் பின்னால் எண்ணி, அதற்குள் மாத்திரை போட முடியுமா பாருங்கள். ஒரு வாரம் அதே மணிக்குப் போட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

நடு இரவில் விழித்து, இரண்டு மணிக்கு இன்னொரு அரை மாத்திரை போடும் பழக்கம் இருக்கிறதா? உங்கள் காலை மந்தத்துக்கு வேறு காரணமே தேட வேண்டாம், அதை விட்டாலே போதும்.

'தேவைப்பட்டால் மட்டும்' என்று எழுதிக் கொடுத்த மாத்திரை என்றால், ஏழு மணி நேரம் மிச்சம் இல்லாத இரவில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. தினமும் போடச் சொன்ன மாத்திரை என்றால் அப்படி நீங்களாக விடக்கூடாது, தாமதமானால் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

### வேறு எந்த மருந்திலாவது தூக்கம் சேர்ந்திருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு அவசரப்படாமல் பதில் தேடுங்கள். மணி சரியாக இருந்தும் மந்தம் போகாதவர்களில் நிறையப் பேருக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் சிரப்பையும் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றின் பின்பக்கமும் படியுங்கள்.

கேஸ், வயிற்றுப் பிடிப்புக்கு என்று கொடுக்கும் ஒருவகை மாத்திரையில் குளோர்டயசிபாக்சைடும் கிளிடினியமும் சேர்ந்திருக்கும். குளோர்டயசிபாக்சைடு என்பது டயசிபாமின் உறவுக்கார மருந்து, உடம்பில் நாள்கணக்கில் தங்கும். "தம்பி, அது வெறும் கேஸ் மாத்திரைதான்" என்று சொல்லி, தூக்க மாத்திரையோடு அதையும் இரண்டு வேளை போட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்கள் எத்தனையோ பேர்.

'நரம்புச் சத்து மாத்திரை' என்று வீட்டில் சொல்வது அடுத்தது. சர்க்கரை நோயாளிக்குக் கால் எரிச்சல், மரமரப்புக்குக் கொடுப்பதில் மெத்தில்கோபாலமின் வைட்டமின்தான், அதனால் மந்தம் வராது. அதோடு சேர்ந்திருக்கும் பிரிகாபலினும் நார்ட்ரிப்டிலினும்தான் தூக்கம் தருபவை. சத்து மாத்திரைதானே என்று நினைத்துத் தாமாகவே இரண்டாக்கிக்கொள்பவர்கள் உண்டு.

சளிக்குப் போடும் மாத்திரை, இருமல் சிரப் இவற்றில் குளோர்பெனிரமின் இருக்கும். தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃப்ளூனாரிசின், அரிப்புக்கான ஹைட்ராக்ஸிசின், செடிரிசின் எல்லாமே மந்தம் தரும். மனப்பதற்றத்துக்குத் தரும் எஸ்சிட்டலோப்ராம் மாத்திரையில் பல சமயம் கிளோனசிபாமும் கலந்தே வரும். ஒரு டாக்டர் அதை எழுதியிருப்பார், அது தெரியாமல் இன்னொரு டாக்டர் தூக்கத்துக்கு என்று தனியாகக் கிளோனசிபாம் எழுதியிருப்பார்.

தானாகத் தூக்கம் தராவிட்டாலும், தூக்க மாத்திரை உடம்பை விட்டு வெளியேறாமல் தடுத்து நிறுத்தும் மருந்துகளும் உண்டு. நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது இட்ராகோனசோல், படர்தாமரைக்கு வாரக்கணக்கில் எழுதுகிறார்கள் இல்லையா, அதுதான். இட்ராகோனசோலும் அல்பிரசோலமும் சேரவே கூடாது. மனநல மருந்தாக இருந்தாலும் சிலருக்குத் தூக்கத்துக்கும் எழுதும் குவெட்டியாபினின் அளவையும் அது பெரிதாக ஏற்றிவிடும். வயிற்றுப்புண் கிருமிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசினும் இதே வேலையைச் செய்யும். தோல் டாக்டரிடம் தூக்க மாத்திரை பற்றிச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, அதனால்தான் இது தவறிப்போகிறது.

சுருக்கமான சோதனை ஒன்று: மந்தம் என்றைக்குத் தொடங்கியது, அதற்கு முந்தைய பத்து நாளில் புதிதாக வந்த மருந்து எது? ஒரு தாளில் இந்த இரண்டையும் எழுதி, அட்டைகளோடு மருந்துக்கடைக்கோ டாக்டரிடமோ கொண்டு போங்கள். எதை விடுவது என்று அவர்கள் சொல்லட்டும், நீங்களாக ஒன்றை உருவ வேண்டாம்.

### இரவில் மது உண்டா?

இருந்தால் மற்ற காரணங்களைப் பார்ப்பதே வீண். மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் காலை மந்தம் மட்டும் இல்லை, மூச்சே அடங்கலாம். டிரமடால் போன்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப் இவற்றோடு சேர்ந்தாலும் அதே ஆபத்து. 'கொஞ்சம்தான், பீர்தான்' என்பதெல்லாம் இதில் எடுபடாது. மது குடித்த இரவில் மாத்திரை கிடையாது. தினமும் குடிப்பவர் என்றால் அதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மருந்தையே வேறு மாதிரி அமைப்பார்.

### அளவு உங்களுக்கு அதிகமோ?

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013-இல் பெண்களுக்கான சோல்பிடெம் அளவை 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாகக் குறைத்தது. பெண்களின் உடம்பிலிருந்து அது மெதுவாக வெளியேறுவதால், காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கிறது என்பதுதான் காரணம். மெதுவாகக் கரையும் சி.ஆர். வகையில் 12.5 என்பது 6.25 ஆனது. எழுபது வயதுக்காரருக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் இதே கதைதான். ஐம்பது கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 10 மி.கி. எழுதியிருந்தால், "இதைக் குறைக்கலாமா சார்?" என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

வீட்டிலேயே பாதியாக உடைத்துப் போடலாமா என்று கேட்பார்கள். அட்டையில் சி.ஆர்., எஸ்.ஆர்., இ.ஆர். என்று இருந்தால் உடைக்கவே கூடாது, உடைத்தால் இரவு முழுக்க இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். சாதாரண மாத்திரை என்றாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

### மாத்திரையே உடம்பில் நெடுநேரம் தங்குவதா?

சோல்பிடெம் சுமார் இரண்டரை மணி நேரத்தில் உடம்பில் பாதியாகிவிடும். அல்பிரசோலத்துக்கு அதுவே சுமார் 11 மணி நேரம். கிளோனசிபாமுக்கு 30 முதல் 40 மணி நேரம், அதாவது நேற்றுப் போட்டது பாதிகூடக் குறையாத நிலையில் இன்றைய மாத்திரை வந்து சேர்கிறது. அதனால்தான் முதல் இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு ஐந்தாம் ஆறாம் நாளில் மந்தம் ஏறுகிறது. மனச்சோர்வுக்கான மருந்துகளாக இருந்தாலும் தூக்கத்துக்கும் எழுதும் மிர்டசாபின், அமிட்ரிப்டிலின் இரண்டும் நீண்ட நேரம் நிற்பவைதான், ஆனால் அவற்றின் மந்தம் பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே குறையும், அதுவரை பொறுத்துப் பார்க்கலாம்.

அமிட்ரிப்டிலின் போடுபவர்களுக்கு ஒரு சுலபமான வழி: படுக்கப் போகும்போது போடாமல் இரவு எட்டு மணி வாக்கில் போட்டால் காலை பெருமளவு தெளிந்துவிடும். இதை டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சோல்பிடெமில் இந்த வேலை கூடாது, அதைப் போட்டவுடன் படுத்துவிட வேண்டும்.

நேரம், மற்ற மருந்துகள், அளவு மூன்றையும் சரிசெய்தும் இரண்டு வாரத்தில் மந்தம் போகவில்லை என்றால் மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும், அது டாக்டர் வேலை.

### மாத்திரையே காரணம் இல்லையோ?

சத்தமாகக் குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலியோடு விழிப்பது, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிவது, இதெல்லாம் இருந்தால் அது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோயாக இருக்கலாம். அந்த நிலையில் தூக்க மாத்திரை நிலைமையை இன்னும் மோசமாக்கும். குறட்டை விடுபவருக்குத் தன் குறட்டை தெரியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள், தனியாகப் படுப்பவர் என்றால் போனில் ஓர் இரவு ஒலிப்பதிவு செய்து பாருங்கள். நுரையீரல் மருத்துவரோ காது மூக்கு தொண்டை மருத்துவரோ தூக்கப் பரிசோதனைக்கு எழுதுவார். செலவு பிடிக்கும் பரிசோதனைதான், ஆனாலும் இந்த அறிகுறிகள் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுப்பவர் வியர்த்து நனைந்து, தலைவலியோடு குழப்பமாக எழுந்தால், தூக்க மாத்திரை மேல் பழி போடும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். ஆளுக்கு நினைவு சரியில்லை, விழுங்க முடியவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட இதே மந்தத்தைத் தரும், சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

### அதுவரை காலையைச் சமாளிப்பது

எழுந்ததும் வெளிச்சத்துக்கு வாருங்கள், முகம் கழுவி மொட்டை மாடியிலோ வாசலிலோ கால் மணி நேரம் நடங்கள். காலையில் ஒரு காபி பரவாயில்லை. அதன் பிறகு பதினொரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, மாலை டீ என்று போனால் இரவில் தூக்கம் வராது, அப்புறம் இரண்டாவது மாத்திரை, மறுநாள் இன்னும் மந்தம்.

வண்டி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். காபி குடித்தால் கண் திறக்கும், ஆனால் பிரேக் பிடிக்கும் வேகம் திரும்பிவிடாது. பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து எட்டு மணி டிராஃபிக்கில் ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள், புது மாத்திரை தொடங்கிய முதல் வாரத்திலும் அளவை மாற்றிய நாள்களிலும் வண்டியை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், இல்லை ஆட்டோவில் போங்கள். லாரி, பஸ், ஆட்டோ ஓட்டுபவர்களும் மில்லில் மிஷினில் நிற்பவர்களும் டாக்டரிடம் முதல் வார்த்தையாகத் தொழிலைச் சொல்லிவிடுங்கள்.

## தொந்தரவு 2: மாத்திரை போட்டும் தூக்கம் வரவில்லை

இரண்டாவது மாத்திரைக்குக் கை போகும் முன் இவற்றைப் பாருங்கள். ஒன்பதரைக்கு வயிறு நிறைய பரோட்டா, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் போட்ட சோல்பிடெம் தாமதமாகத்தான் வேலை செய்யும். உணவுக்கும் அதற்கும் ஓரிரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாத்திரை போட்டுவிட்டு சீரியல் முடியட்டும், போன் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் தூக்கம் வரும் நேரம் கடந்து போய்விடும். மதியம் இரண்டு மணி நேரம் தூங்கியவருக்கு இரவில் எந்த மாத்திரையும் சரியாகப் பிடிக்காது.

பிறகு, விழிக்க வைப்பது எது என்று பாருங்கள். மூட்டு வலியா? சிறுநீருக்கு நான்கு முறை எழுந்திருக்கிறீர்களா? ஃப்ரூசமைடு போன்ற நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போட்டால் அப்படி ஆகும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் ஆகும், ஆண்களுக்குப் புராஸ்டேட்டும் காரணமாகலாம். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டைச் சாயங்காலம் போடுபவர்களுக்குத் தூக்கம் கெடும், காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். படுத்ததும் காலில் ஏதோ ஊர்வது போல, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது என்றால் அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும், அமிட்ரிப்டிலினும் மிர்டசாபினும் சளி மாத்திரையும் அதை அதிகமாக்கும், அதாவது தூங்குவதற்குப் போட்டதே தூங்க விடாது.

தூக்கமின்மை மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் மாத்திரையை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை என்று ஒன்று உண்டு, படுக்கும் நேரத்தையும் படுக்கையில் விழித்துக் கிடக்கும் பழக்கத்தையும் சில வாரங்களில் மாற்றி அமைப்பது. உலகம் முழுக்க முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு ஓ.பி.யில் விசாரியுங்கள்.

## தொந்தரவு 3: ராத்திரி செய்தது ஞாபகம் இல்லை

போனில் பேசியது, சமையலறையில் எதையோ எடுத்துச் சாப்பிட்டது, யாருக்கோ பணம் அனுப்பியது, காலையில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை.

மாத்திரை போட்டுவிட்டுப் படுக்காமல் விழித்திருந்ததுதானா என்று முதலில் பாருங்கள். படுக்கையில் உட்கார்ந்து, போனைச் சார்ஜில் தூரமாக வைத்துவிட்டு, கடைசி வேலையாக மாத்திரை என்று மாற்றினாலே பலருக்கு இது நின்றுவிடும். மது கலந்திருந்தாலும் இப்படி நடக்கும்.

ஆனால் தூக்கத்திலேயே எழுந்து நடந்தது, கதவைத் திறந்து வெளியே போனது, அடுப்பைப் பற்ற வைத்தது, வண்டிச் சாவியை எடுத்தது, இதில் எது ஒருமுறை நடந்திருந்தாலும் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். சோல்பிடெம், எஸ்ஸோபிக்லோன் வகைக்கு இதற்காகவே 2019-இல் எஃப்டிஏ மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது, ஒருமுறை அப்படி நடந்தவருக்கு அந்த மருந்தை மறுபடி கொடுக்கவே கூடாது. அடுத்த மாத்திரைக்கு முன்னால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அதுவரை கேஸ் வால்வை மூடி, வாசல் தாழ்ப்பாளை ஆளுக்குத் தெரியாத விதமாகப் போட்டு, பக்கத்தில் ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர் மாத்திரை தொடங்கிய பின் இரவில் உளறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் போவது, திடீர்க் கோபம், இதை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். மருந்தாலும் வரும், சிறுநீர்த் தொற்றாலும் வரும், இரண்டையும் அன்றைக்கோ மறுநாளோ பார்த்துவிட வேண்டும்.

## தொந்தரவு 4: எழுந்ததும் தள்ளாட்டம், விழுந்துவிடுவது

பெரியவர்கள் இடுப்பு எலும்பு உடைவது இப்படித்தான், விடியற்காலை மூன்று மணிக்குப் பாத்ரூம் போகும் வழியில்.

செலவில்லாதது முதலில்: படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு, வழியில் மிதியடி இல்லாத தரை, படுக்கப் போகும் முன் சிறுநீர் கழித்துவிடுவது, எழுந்ததும் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது. வீட்டில் பி.பி. மிஷின் இருந்தால் படுத்தபடி ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பாருங்கள். மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் அந்த இரண்டு எண்ணையும் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். குவெட்டியாபின், தூக்கத்துக்கும் எழுதும் இன்னொரு மனச்சோர்வு மருந்தான டிராசடோன் போடுபவருக்கு இது அதிகம், அதோடு பி.பி. மாத்திரையோ புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசினோ இரவில் சேர்ந்தால் இன்னும் அதிகம். போடும் வேளையை மாற்றினாலே சரியாகலாம்.

65 வயதுக்கு மேல் ஒரு முறை விழுந்தாலே, அடி படாவிட்டாலும், அந்தத் தூக்க மாத்திரை இனி தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றால் வீட்டில் உட்கார்ந்து பார்க்காமல் உடனே மருத்துவமனை.

## தொந்தரவு 5: வாய் கசப்பு, வறட்சி, மலச்சிக்கல், பசி

காலையில் வாயெல்லாம் கசப்பு, தண்ணீர்கூடக் கசக்கிறது என்றால் அது சோபிக்லோன் அல்லது எஸ்ஸோபிக்லோன். ஆபத்து இல்லை, மருந்து இருக்கும்வரை இருக்கும், பொறுக்க முடியாவிட்டால் மாற்றச் சொல்லலாம்.

வாய் வறட்சியும் மலச்சிக்கலும் அமிட்ரிப்டிலின் வேலை. தண்ணீர், வாழைத்தண்டு, கீரை, கொய்யா என்று பார்த்துக்கொண்டால் பலருக்குப் போதும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டு அடிவயிறு வீங்கினாலோ, கண் வலித்துப் பார்வை மங்கி விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரவில் சாப்பிட்டபின்னும் பசி, மாதத்தில் இரண்டு கிலோ ஏறியது, மிர்டசாபினும் குவெட்டியாபினும் அப்படிச் செய்யும். எடையை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள், சர்க்கரை இருப்பவர் அதையும் பாருங்கள். டிராசடோன் போடும் ஆண்களுக்கு ஒன்று, கடையில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்: காரணமில்லாமல் விறைப்பு வந்து மணிக்கணக்கில் இறங்காமல் வலித்தால் கூச்சப்படாதீர்கள், நான்கு மணி நேரத்துக்குள் அவசரப் பிரிவில் இருக்க வேண்டும்.

## தொந்தரவு 6: முன்பு போலப் பிடிக்கவில்லை, விட்டால் தூக்கமே இல்லை

ஒன்று போட்டுத் தூங்கியவர் இப்போது இரண்டு போட்டால்தான் தூங்குகிறார். அளவைக் கூட்டினால் சில வாரம் ஓடும், பிறகு இதே இடத்துக்கு வந்து நிற்பார், காலை மந்தம் மட்டும் கூடியிருக்கும். டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூடக் கூட்டாதீர்கள்.

ஒரு நாள் விட்டுப் பார்த்தேன், கண்ணே மூடல, அப்போ இந்த மாத்திரை இல்லாம எனக்குத் தூக்கமே கிடையாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த இரவு கெட்டது மாத்திரையைத் திடீரென விட்டதால், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சோல்பிடெம் மாதிரி வகையில் அது ஓரிரு இரவில் அடங்கும். கிளோனசிபாம், அல்பிரசோலம் போன்றவற்றை மாதக்கணக்கில் போட்டவர்களுக்கு, கொஞ்சம் குறைத்து, இரண்டு வாரம் நின்று, மறுபடி கொஞ்சம் குறைத்து என்று மாதங்கள்கூட ஆகும். ஒரு படி தாங்கவில்லை என்றால் தோற்றுப்போனதாக நினைக்க வேண்டாம், அந்தப் படியிலேயே இன்னும் சில நாள் நிற்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். வலிப்பு நோய்க்குக் கிளோனசிபாம் போடுபவர்கள், கர்ப்பிணிகள், தினமும் மது குடிப்பவர்கள் இதை டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடங்கவே கூடாது.

சீட்டு இல்லாமல் 'ரெண்டே ரெண்டு மட்டும் குடுங்கண்ணே' என்று கேட்பவர்களுக்கு: அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் எல்லாம் டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய எச்1 என்ற சட்டப் பட்டியலில் இருப்பவை, கொடுத்தால் நோயாளி பெயர், டாக்டர் பெயர், எண்ணிக்கை மூன்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். டாக்டர் ஊரில் இல்லை, மாத்திரை நாளையோடு தீர்கிறது என்றால் தீரும் வரை காத்திருக்காமல் பழைய சீட்டோடு அரசு மருத்துவமனைக்கோ பக்கத்தில் இருக்கும் வேறு டாக்டரிடமோ போய், "தினமும் இதைப் போடுகிறேன், திடீரென நிற்கக்கூடாது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் சில நாளைக்காவது எழுதித் தருவார்கள்.